போன வருஷத்துக் கவுன்

மனிதர்களுக்கு எண்களின் மேல் உள்ள மோகம் பிறந்த நிமிஷத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது. "என்ன குழந்தை?" என்று கேட்டவர்கள் அடுத்த மூச்சில், "எத்தனை கிலோ?" என்று கேட்கிறார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் மார்க்கு, ஆபீஸில் சம்பளம், கல்யாணப் பேச்சில் பத்துக்கு எத்தனை பொருத்தம், தலை நரைத்த பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை. கடைசியில் பத்திரிகையின் மூலையில் ஒரு சின்னப் படத்துக்குக் கீழே இரண்டு தேதிகள். நடுவில் ஒரு கோடு. அத்துடன் கணக்கு முடிந்தது.

இந்த எண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவை நம்மைத் தனியே நிறுத்தி வைத்து அளக்கின்றன. கணக்குப் பரீட்சையில் எண்பது வாங்கிய பையன் எண்பது வாங்கியவன்தான். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவன் மகா மேதையாக இருந்தாலும் சரி, மண்ணாந்தையாக இருந்தாலும் சரி, அந்த எண்பது அசையாது. ஐம்பது வருஷம் கழித்தும் அவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு, "நான் கணக்கில் எண்பது" என்று பெருமையடித்துக்கொள்ளலாம். யாரும் வந்து, "எங்கே, இப்போது ஒரு தடவை எழுதிக் காட்டும்!" என்று கேட்கப்போவதில்லை.

நான் சொல்ல வந்த எண் வேறு ரகம். அது ஒருவரைத் தனியே பார்ப்பதே இல்லை. "எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள்?" என்பதுதான் அது கேட்கிற முதல் கேள்வி. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தடவையும் எழுதிக் காட்டச் சொல்கிறது. சதுரங்க ஆட்டக்காரர்களுக்கு உள்ள ரேட்டிங் என்ற எண்தான் அது.

சதுரங்கத்தில் என் ஞானம் குதிரை எப்படித் தாவும் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் நான் கதை எழுதுகிறவன். மனிதர்கள் எதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று விசாரிப்பது என் தொழில். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒருவர் இருக்கிறார். தணிக்கை இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் மாமா, எனக்கும் மாமாதான். அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது இந்த எண். அதனால்தான் அதைப் பற்றி நானும் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

முதலில் இதைக் கண்டுபிடித்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செஸ் உலகத்தில் இந்த எண்ணை 'எலோ' என்பார்கள். பல பேர் அதை ஏதோ மூன்று வார்த்தைகளின் முதலெழுத்துச் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் படகோட்டிகளின் ஏலேலோவுக்கு உறவோ என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். ஆர்பாட் எலோ 1903-ல் ஹங்கேரியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். பத்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் போனார். மில்வாக்கி நகரத்தில் உள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். விஸ்கான்ஸின் மாகாணச் சதுரங்கப் போட்டியில் எட்டுத் தடவை முதலிடம் வாங்கியவர். ஆட்டமும் தெரியும், அளவும் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம், சேர்ந்தது.

அவருக்கு முன்னாலும் ஆட்டக்காரர்களுக்கு எண் போடுகிற முறைகள் இருந்தன. அமெரிக்கச் சதுரங்க சம்மேளனம் 1950 முதல் கென்னத் ஹார்க்னெஸ் என்பவருடைய முறையை வைத்திருந்தது. நடைமுறைக்குப் பரவாயில்லை, ஆனால் சில சமயம் ஏடாகூடமாக விடை சொல்லிற்று. அதைச் செப்பனிடும் பொறுப்பு எலோவிடம் வந்தது. அவர் செப்பனிடவில்லை, அஸ்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டிவிட்டார். 1960-ல் அமெரிக்காவும், 1970-ல் ஃபிடே என்கிற உலகச் சதுரங்க சம்மேளனமும் அதை ஏற்றுக்கொண்டன.

அவருடைய யோசனையின் மூலம் என்ன தெரியுமா? எந்த ஆட்டக்காரனும் தினமும் ஒரே மாதிரி ஆடுவதில்லை என்பதுதான். சங்கீத வித்வானுடைய சாரீரத்தைப் போலத்தான் இதுவும். ஒரு நாள் மேல் ஸ்தாயியில் அநாயாசமாக நிற்கும், மறுநாள் ஜலதோஷம். நூறு கச்சேரி கேட்டவனுக்குத்தான் அவருடைய நடுவாந்தரமான தரம் எது என்று தெரியும். ஆகவே ஒருவருடைய பலம் என்பது ஓர் ஆணி அடித்த இடமல்ல. மேலும் கீழும் ஆடுகிற ஒன்றின் நடு. எலோவே இந்த வேலையை, தண்ணீரில் மிதந்து குதிக்கிற ஒரு தக்கையைக் காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு ஒப்பிட்டிருக்கிறார். தம்முடைய கருவியின் பலவீனத்தை இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்ட விஞ்ஞானியிடம் எனக்கு உடனே நம்பிக்கை பிறந்துவிட்டது.

இரண்டாவது யோசனை இன்னும் அழகு. எண்ணுக்குத் தனியே அர்த்தம் கிடையாது. இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம். 1500-ம் 1700-ம் மோதினாலும், 2500-ம் 2700-ம் மோதினாலும் கணக்குக்கு ஒன்றே. இருவரும் சமம் என்றால் ஆளுக்குப் பாதி. நூறு புள்ளி உயர்ந்தவர், நூறு ஆட்டம் ஆடினால் அறுபத்து நாலு எடுப்பார் என்று எதிர்பார்க்கிறது. இருநூறு உயர்ந்தவர் எழுபத்தாறு. நானூறு உயர்ந்தவர் தொண்ணூற்றிரண்டு. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று வைத்துப் போட்ட கணக்கு.

அதற்குப் பிறகு எண் எப்படி ஏறுகிறது, இறங்குகிறது? இதை எனக்கு மாமாதான் தம் வீட்டுத் திண்ணையில் சில்லறையை வைத்து விளக்கினார். புஸ்தகங்களில் இருக்கிற சூத்திரத்தைவிட இதுவே எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும் என்று நம்புகிறேன்.

"ஒவ்வோர் ஆட்டமும் ஓர் இருபது ரூபாய்ச் சீட்டு ஸார்" என்றார் மாமா. "ஆட ஆரம்பிக்கும் முன்னாலேயே இரண்டு பேரும் சேர்ந்து நடுவில் இருபது ரூபாய் போட வேண்டும். ஆனால் பாதிப் பாதி இல்லை. எவனிடம் எவ்வளவு எதிர்பார்ப்போ, அவன் அவ்வளவு போட வேண்டும். நான் அவனைவிட இருநூறு உயர்ந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் நூற்றுக்கு எழுபத்தாறு எதிர்பார்ப்பு. இருபதில் எழுபத்தாறு பங்கு என்றால் பதினைந்து ரூபாய் இருபது காசு. அது நான் போடுவது. அவன் பாக்கி நாலு ரூபாய் எண்பது காசு. ஜெயித்தவன் இருபதையும் அள்ளிக்கொண்டு போகலாம். டிராவானால் ஆளுக்குப் பத்து."

"அப்படியானால் நீங்கள் ஜெயித்தால் உங்களுக்கு லாபம் நாலு ரூபாய் எண்பது காசுதானா?"

"அவ்வளவுதான். தோற்றால் நஷ்டம் பதினைந்து இருபது. இது மட்டுமா? டிரா பண்ணினால்கூட எனக்கு ஐந்து ரூபாய் இருபது காசு கைநஷ்டம். என்னைவிடச் சின்னவனோடு சமாதானமாகப் போவதற்கு நான் தண்டம் கட்ட வேண்டும்."

நான் கொஞ்ச நேரம் அந்தச் சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டுக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டாம். அவர்கள் செய்தால் கடமை, செய்யாவிட்டால் குற்றம். கடைக்குட்டி ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தால் வீடே மெச்சுகிறது. இந்த ரேட்டிங் திறமைக்குக் கொடுக்கிற பரிசு என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பரிசல்ல, கடன். "உம்மிடம் இவ்வளவு எதிர்பார்க்கிறோம்" என்று எழுதிக் கையில் கொடுத்த சீட்டு. ஏற ஏற, கொடுக்க வேண்டியதும் ஏறுகிறது.

அந்த இருபது எல்லோருக்கும் ஒன்றல்ல. புதிதாக வந்தவர்களுக்கு, முப்பது ஆட்டம் முடிகிற வரையில், சீட்டு நாற்பது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், 2300-க்குக் கீழே இருக்கிற வரையில், நாற்பது. மற்றவர்களுக்கு இருபது. 2400-ஐ ஒரு தடவை தொட்டுவிட்டவர்களுக்குப் பத்து. அப்புறம் அவர்கள் கீழே இறங்கினாலும் பத்துதான். குழந்தைகளும் புதியவர்களும் வேகமாக மாறுகிறவர்கள். ஆகையால் அவர்களுடைய எண்ணும் வேகமாக ஓட வேண்டும். முதிர்ந்தவர்களின் எண் நிதானமாக நகர்ந்தால் போதும். கட்டை விரலால் அளந்தாலும் இதில் நியாயம் இருக்கிறது.

புதியவருக்கு முதல் எண் எப்படிப் பிறக்கிறது என்பதும் வேடிக்கை. ரேட்டிங் உள்ளவர்களுடன் குறைந்தது ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். 2024 மார்ச் முதல், அந்த ஆட்டங்களோடு இல்லாத ஆட்டங்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 1800 ரேட்டிங் உள்ள கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேருடன் ஆடி, இரண்டையும் டிரா பண்ணியதாகப் பாவித்துக் கணக்குப் போடுகிறார்கள். முதல் போட்டியிலேயே அதிர்ஷ்டத்தால் ஒருவன் மேகத்துக்கு ஏறிவிடாமல் அந்த இரண்டு ஆவிகளும் காலைப் பிடித்துக்கொள்கின்றன. முதல் போட்டியில் ஒன்றுமே எடுக்காமல் பூஜ்யம் வாங்கினவனுக்கு, அந்தப் போட்டியையே மறந்துவிடுகிறார்கள். வாழ்க்கையில் வேறு எந்த இடத்திலும் இப்படி ஒரு தாட்சண்யத்தை நான் கண்டதில்லை.

இனி மாமாவின் தூக்கம் கெட்ட கதைக்கு வருகிறேன்.

2022 மே மாதம். மாமாவின் ரேட்டிங் 1850. கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 தொட வேண்டும் என்பதை நினைத்தால் இது பெரிய எண் அல்ல. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஒழுங்காகப் போட்டிகளில் ஆட ஆரம்பித்த ஒரு மனிதருக்கு அது சின்ன எண்ணும் அல்ல. ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒன்பது சுற்றுப் போட்டி. மூன்றாவது சுற்றில் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தவள் பத்து வயதுப் பெண் குழந்தை. ரேட்டிங் 1450. தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து தகப்பனாருடன் ராத்திரி பஸ்ஸில் வந்தவள். தகப்பனார் வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டிலும் சாம்பார் சாத டப்பாவுமாக நின்றுகொண்டிருந்தார்.

மாமா தணிக்கைக்காரர் அல்லவா? உட்கார்ந்ததும் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டார். வித்தியாசம் நானூறு. அவர் போட வேண்டிய பங்கு 18.4, குழந்தையின் பங்கு வெறும் 1.6. அதாவது ஜெயித்தால் கிடைக்கப்போவது ஒன்றரை ரூபாய்ச் சொச்சம். தோற்றால் போகப்போவது பதினெட்டரை.

முப்பதாவது நகர்த்தலில் காய்கள் குறைந்து, நிலைமை ஏறக்குறையச் சமமாக இருந்தது. குழந்தை மரியாதையாக டிரா கேட்டது. மாமா சதுரங்கப் பலகையைப் பார்க்கவில்லை, 8.4 என்ற எண்ணைப் பார்த்தார். டிரா பண்ணினால் எட்டரைப் புள்ளி போய்விடும். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, இல்லாத வெற்றியைத் தேடிக்கொண்டு யானையை எதிராளியின் கோட்டைக்குள் ஓட்டினார். ஐம்பத்திரண்டாவது நகர்த்தலில் கை குலுக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

குழந்தை காய்களை அடுக்கிக்கொண்டே, "தாத்தா, நீங்க நல்லாத்தானே ஆடினீங்க? ஏன் டிரா வேணாம்னீங்க?" என்று கேட்டதாம். கேலி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டது. மாமாவிடம் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "ஸார், அந்தக் குழந்தைக்கு 1450 என்று போட்டிருந்தார்கள். அது அவளுடைய போன வருஷத்துக் கவுன் ஸார். குழந்தை வளர்ந்துவிட்டது, கவுன் வளரவில்லை. கவுனின் நீளத்தைப் பார்த்து நான் ஆளின் உயரத்தை முடிவு பண்ணிவிட்டேன்."

எலோவின் கணக்கில் உள்ள பெரிய சங்கடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எண் என்பது நேற்று வரைக்கும் ஆடியதன் சாரம். ஆட்டமோ இன்றைக்கு நடக்கிறது. வளருகிறவர்களின் எண் எப்போதும் அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருக்கும். குழந்தைகளுக்கு நாற்பது ரூபாய்ச் சீட்டு வைத்தது இதற்குத்தான். அன்றைக்கு மாமா இழந்தது 18.4, குழந்தை பெற்றது 36.8. மாமாவின் பையிலிருந்து போனதைப் போல் இரண்டு மடங்கு. மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அது கணக்கு அச்சடித்துக் கொடுத்த பணம்.

அந்தப் போட்டி முடிவதற்குள் மாமாவுக்கு மொத்தம் முப்பது புள்ளி நஷ்டம். 1820-ல் வந்து நின்றார். அத்தோடு ஆடுவதை நிறுத்திவிட்டார்.

சதுரங்கத்தை விட்டுவிடவில்லை. அந்த வருஷம் ஜூலை - ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். பதினாறு வயது குகேஷ் தொடர்ச்சியாக எட்டு ஆட்டம் ஜெயித்ததைத் தெரு முழுவதும் சொல்லி மாய்ந்து போனார். ஆனால் தாம் மட்டும் போட்டிக்குப் போவதில்லை. கேட்டால், "முழங்கால் வலி ஸார்" என்பார். உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கு முழங்கால் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். மறுபடி ஆடினால் 1800-க்குக் கீழே போய்விடலாம். ஆடாவிட்டால் 1820 அப்படியே இருக்கும். ஒரு வருஷம் ஆடாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆடாதவர்' என்று குறி மட்டும் போடுவார்கள். எண்ணை யாரும் தொடமாட்டார்கள். பெட்டகத்தில் வைத்த நகை மாதிரி.

இந்த வியாதி மாமாவுக்கு மட்டும் வந்ததல்ல. பாபி ஃபிஷரைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? 1972-ல் ஐஸ்லாந்தில் ஸ்பாஸ்கியைப் பன்னிரண்டரைக்கு எட்டரை என்று வென்று உலகச் சாம்பியன் ஆனபோது உலகமே அவரைக் கொண்டாடியது. போட்டிக்கு முன்னால் அவருடைய ரேட்டிங் 2785, ஸ்பாஸ்கியுடையது 2660. போட்டிக்குப் பிறகு வந்த பட்டியலில் ஃபிஷருடைய எண் 2780. அச்சுப் பிழை அல்ல. மகுடம் தலையில் ஏறியது. எண் ஐந்து இறங்கியது. அவ்வளவு உயரத்தில் இருந்தவரிடம் கணக்கு இன்னும் அதிகமாக எதிர்பார்த்திருந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷம் அவர் ஒரு பகிரங்க ஆட்டமும் ஆடவில்லை. 1975-ல் பட்டம் ஆடாமலே கார்ப்போவின் கைக்குப் போய்விட்டது. அவர் ஆடாததற்கு ஆயிரம் காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன; எண்ணைக் காப்பாற்றத்தான் ஆடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆடாத மனிதனின் எண் எவ்வளவு கௌரவமாகவும் எவ்வளவு அநாதையாகவும் நிற்கும் என்பதற்கு அந்த 2780 ஒரு சாட்சி.

மாமாவின் 1820-ம் அப்படியே நின்றிருக்கும். அதை அசைத்தது தோல்வி அல்ல, தானம்.

எல்லா நாட்டிலும் குழந்தைகள் வேகமாக முன்னேறிக்கொண்டே பெரியவர்களிடம் புள்ளிகளைப் பிடுங்கியதால், கீழ்த்தட்டில் எண்கள் உண்மையான பலத்தைவிட வற்றிப்போய்விட்டன. எனவே 2024 மார்ச் முதல் தேதி ஃபிடே ஒரு காரியம் செய்தது. 2000-க்குக் கீழே உள்ளவர்கள் எல்லோருக்கும், 2000-த்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதில் ஐந்தில் இரண்டு பங்கைச் சேர்த்துக் கொடுத்துவிட்டது. ஆயிரத்தில் இருந்தவன் 1400 ஆனான். அதற்குக் கீழே இனி ரேட்டிங் கிடையாது. 1500-ல் இருந்தவன் 1700. நம் மாமாவுக்கு 2000-த்துக்குக் குறைவு 180. அதில் ஐந்தில் இரண்டு 72. காலையில் காப்பி குடித்துவிட்டுப் பார்க்கிறார், 1892!

வாழ்த்துச் சொல்லலாம் என்று போனேன். மனிதர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இரண்டு வருஷமாக ஒரு சிப்பாயை நகர்த்தவில்லை ஸார். எழுபத்திரண்டு புள்ளி கொடுத்திருக்கிறார்கள். என் சர்வீஸில் யாராவது கணக்கில் இப்படி வரவு காட்டியிருந்தால் பேனாவால் சுழித்திருப்பேன்" என்றார்.

"எல்லோருக்கும்தானே கொடுத்திருக்கிறார்கள், மாமா?"

"எல்லோருக்கும் கொடுத்தார்கள், சரிதான். ஆடுகிறவன் அதை வைத்துக்கொண்டு ஆடுவான். இரண்டு மாசத்தில் அது அவனுடையதா இல்லையா என்று தெரிந்துபோகும். எனக்கு எப்படித் தெரியும்?"

நாற்பது வருஷம் கதை எழுதியும், ஒரு மனிதனை வீட்டை விட்டுக் கிளப்புவதற்கு அவமானத்தைவிட இனாம் அதிகப் பலமுள்ளது என்று எனக்குத் தோன்றியதில்லை. அந்த மே மாதமே மாமா ஒரு ஒன்பது சுற்றுப் போட்டிக்குப் பணம் கட்டிவிட்டார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பிளாஸ்கில் காப்பி, ஒரு டப்பாவில் தயிர் சாதம். ஐந்து நாள் போய் வந்தார். கணக்கு அவரிடம் எதிர்பார்த்தது 5.85. அவர் எடுத்தது 4. குறைவு 1.85; அதை இருபதால் பெருக்கினால் 37. அடுத்த பட்டியலில் அவர் எண் 1855.

"முப்பத்தேழு போய்விட்டதே!" என்றேன்.

"போகட்டும் ஸார். குழந்தைகளுக்குக் கவுன் சின்னதாகிவிடுகிறது. நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டை தொளதொளவென்று ஆகிவிடுகிறது. இரண்டையும் அவ்வப்போது தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இப்போது அளவு சரியாக இருக்கிறது" என்றார். சற்றுப் பொறுத்து, "ஏழாவது சுற்றில் ஒரு பையன் டிரா கேட்டான். பலகையைப் பார்த்தேன். டிராதான். கொடுத்துவிட்டேன்" என்றார். எத்தனை புள்ளி நஷ்டம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருஷ டிசம்பரில் நம் சென்னைப் பையன் குகேஷ், சிங்கப்பூரில் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று உலகச் சாம்பியன் ஆனான். பதினெட்டு வயது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். மறுமாதம் ஒன்றாம் தேதிப் பட்டியலைப் பார்த்தால், போட்டிக்கு முன்னால் 2783 ஆக இருந்த குகேஷின் எண் 2777! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா சிரித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். டிங் 2728. வித்தியாசம் 55. அதற்கு எதிர்பார்ப்பு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பதினாலு ஆட்டத்துக்கு 8.12. பையன் எடுத்தது 7.5. குறைவு 0.62. பத்தால் பெருக்கினால் ஆறு. ஃபிஷருக்கு ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது மறுபடி நடந்திருக்கிறது. உலகத்திலேயே உயர்ந்த மகுடத்தைச் சூட்டிக்கொண்டு வருகிறவனை வாசலில் நிறுத்தி, "பாக்கி ஆறு புள்ளி இருக்கிறதே, தம்பி" என்று கேட்கிறது இந்தக் கணக்கு!

கல்நெஞ்சக் கணக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகுடம் ஒன்றைச் சொல்கிறது. எண் வேறொன்றைச் சொல்கிறது. அந்தப் பதினாலு ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பது மகுடத்தின் கேள்வி. அடுத்த ஆட்டத்தில் இவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது எண்ணின் கேள்வி. ஒருவனைக் கொண்டாடுவதும் ஒருவனை அறிந்துகொள்வதும் ஒன்றல்லவே? நாம்தான் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இதைச் சொல்லும்போது ஆனந்தின் ஞாபகம் வராமல் இருக்காது. 1986 முதல் முப்பத்தேழு வருஷம் இந்தியாவின் முதல் எண் அவருடையது. நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரும் அவர்தான். 2023 செப்டம்பர் பட்டியலில் அந்த இடம் மாறியது. குகேஷ் 2758; ஆனந்த் 2754. நாலே நாலு புள்ளி. தாண்டிப் போன பையனுக்கு ஆனந்த் அந்நியரல்ல. தாம் நடத்தும் பயிற்சிக் கழகத்தில் வைத்து வளர்த்தவர். பெற்ற பிள்ளை தன்னைவிடப் பெரியவனாகும்போது வரும் மகிழ்ச்சியைப் பற்றி வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அந்த மகிழ்ச்சி எத்தனை மணிக்கு, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வருகிறது என்பதைக் கூட அச்சடித்துக் காட்டுகிற ஒரே உத்தியோகம் சதுரங்கம்தான் போலிருக்கிறது.

எலோ பல வருஷங்கள் இந்தக் கணக்குகளைத் தாமே போட்டு வந்தார். உலகத்துச் சூரர்களுடைய ஏற்றமும் இறக்கமும் மில்வாக்கியில் ஒரு கிழவரின் காகிதத்தில் நடந்துகொண்டிருந்தன. 1992-ல் அவர் காலமானார். அவருடைய முறையைத் தழுவித்தான் 2018 முதல் கால்பந்து நாடுகளையும் வரிசைப்படுத்துகிறார்கள். அது எங்கே போனாலும் அதன் குணம் மட்டும் மாறுவதில்லை. யாருக்கும் அது கடைசித் தீர்ப்பு எழுதுவதில்லை. உயர்ந்தவனிடம், "இன்னும் கொஞ்சம்" என்கிறது. தாழ்ந்தவனிடம், "உனக்குப் போவதற்கு அதிகமில்லை, வந்து ஆடு" என்கிறது. நேற்றுச் சொன்னது தப்பு என்று இன்றைய ஆட்டம் காட்டினால், வறட்டுக் கௌரவம் பார்க்காமல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மார்க்குப் பட்டியலுக்கும் ஜாதகக் கட்டத்துக்கும் இந்தப் பணிவு இல்லை. நம்மைப் பற்றி ஒரு தடவை அபிப்பிராயம் சொல்லிவிட்ட உறவினர்களுக்கும் இல்லை.

அதனிடம் ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது. போய் எதிரே உட்கார வேண்டும். உட்காராதவனைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.